லொறியில் வந்த வீடு

“1997 மே 2, வெள்ளி. விடிய வீடு வருகிறது. மழை வரக்கூடாது.” அன்றைய தேதியில் என் நாட்குறிப்பில் உள்ளது இவ்வளவுதான். அதுவும் முதல் நாள் மாலையே எழுதி வைத்தது.

அப்போது நாங்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். நகரம் பெருகப் பெருக, வீட்டை விட அது நிற்கும் நிலத்துக்குத்தான் மதிப்பு என்றாகிவிட்டது. உரிமையாளர் நிலத்தைப் பண்டகசாலை கட்டுபவர்களுக்கு விற்றார். நாங்கள் இருந்த மரவீட்டைத் தூக்கிக்கொண்டு போவதானால் சொற்ப விலைக்குத் தருகிறேன் என்றார். இங்கே வீடுகளை லொறியில் ஏற்றி இடம் மாற்றுவார்கள் என்று வாசித்திருந்தேன். ஆனாலும் யாழ்ப்பாணத்துக் கல்வீட்டில் பிறந்த எனக்கு நம்பிக்கை வரவில்லை. நகரின் தெற்கே மனுரேவாவில் கடனுக்கு வாங்கிய வெறுங்காணி ஒன்று இருந்தது. அதில் புதுவீடு கட்ட வங்கி மேலும் கடன் தர மறுத்திருந்தது. வேறு வழியில்லாமல் சம்மதித்தோம்.

அந்தக் காணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்கு முகம் கொடுக்கவில்லை. பழைய வீடு வந்து நின்றால் தெருவின் மதிப்பே இறங்கிவிடும், தானும் மோர்ட்கேஜ் கடன் கட்டுகிறவன் என்று ஒருமுறை சொன்னார்.

அன்று விடியற்காலை, பிள்ளைகளைப் போர்வையால் மூடிக் காரில் வைத்துக்கொண்டு காணியருகே காத்திருந்தோம். தெருமுனையில் எங்கள் வீடு திரும்பியது. சமையலறை ஜன்னலில் கழற்ற மறந்த திரைச்சீலை காற்றில் ஆடியது. எங்கள் மகள் நடை பழகிய வீடு, மரங்களுக்கு மேலாக ஆடி அசைந்து வந்தது.

“இஞ்சேருங்கோ, வீடெல்லோ குடிபூர வருது. நாங்கள் காய்ச்சிற பாலை ஆருக்குக் குடுக்கிறது?” என்றாள் மனைவி.

வாசலில் லொறி நின்றுவிட்டது. கூரையின் விளிம்பு பக்கத்து வேலியில் முட்டியது. தெருவில் வாகனங்கள் கூடுவதற்குள் உள்ளே போகாவிட்டால் வீட்டைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவோம், மறுபடி கொண்டுவரத் தனிக்கூலி என்றார் லொறிக்காரர். எங்களிடம் இன்னொரு தடவைக்கு எதுவும் இல்லை.

அந்த நேரம்தான் பக்கத்து வீட்டுக்காரர் விரி தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து வந்தார். அவர் வாசலையும் எங்கள் வீடு மறித்து நின்றது. வீட்டைப் பார்த்தார். காருக்குள் பிள்ளைகளைப் பார்த்தார். உள்ளே போய்ப் பலகை நெம்பும் அலவாங்குடன் வந்து, தன் வேலிப் பலகைகளைக் கழற்றத் தொடங்கினார். நான் தடுமாறி நன்றி சொன்னேன்.

“நன்றியைப் பிறகு சொல்லு. அந்தப் பக்கம் பிடி. இது உள்ளே போனால்தான் நான் படுக்கலாம்” என்றார்.

இருவரும் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது லொறிக்காரர் வீட்டின் அடியில் டோர்ச் அடித்துக் காட்டினார். தளத்தைத் தாங்கும் மரங்களின் நடுவே, அறுத்துப் பொருத்திய பழைய தழும்பு. இந்த வீடு ஏற்கெனவே ஒருமுறை இரண்டாக அறுபட்டுப் பயணம் செய்திருக்கிறது என்றார்.

பொழுது புலரும்போது வீடு உள்ளே போனது. அடுத்த கிழமை பால் காய்ச்சியதும் மனைவி முதல் குவளையைக் கொண்டுபோய்க் கொடுத்தது வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

பிறகு நகரசபைப் பதிவுகளையும் பழைய வரைபடங்களையும் தேடிப் பார்த்தேன். எங்களுக்கு முன்பே இடம்பெயர்ந்த இந்த வீட்டுக்கு அப்போதும் யாரோ ஒருவர் தன் வேலியைக் கழற்றி வழி விட்டிருப்பார் என்றே நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அது முதலில் எங்கே நின்றது என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.