பென்சில் கண்கள்

பாடாலூரில் ஹைவே ஓரத்து டீக்கடையை ஒட்டி உட்கார்ந்து, சூட்டுக்கம்பியால் மரப்பலகையில் முகங்களை வரைந்துகொண்டிருந்தார் அவர். புகையில் புருவம் கருகிய மெலிந்த ஆள். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் ஒரு வீணான மரத்துண்டில் கம்பியைத் தொட்டுச் சூடு பார்த்துக்கொள்வார்.

வெளியூர் வேலைக்குப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்து வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாலை போட்டுக் கும்பிட ஒரு படம் செய்து வரச்சொல்லி மாமியார் என்னை அனுப்பியிருந்தார். போட்டோவை நீட்டினேன்.

"ஆளு இருக்காரா, தவறிட்டாராம்மா?"

"தெரியலைங்க. மாலை போடத்தான் கேக்குறாங்க."

"அவங்க கேக்குறது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?"

போட்டோவை முந்தானையால் ஒருமுறை துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.

முடி, காது, மீசை எல்லாம் சுட்டு முடித்தார். கண்களை மட்டும் பென்சிலால் போட்டுவிட்டுக் கம்பியைக் கீழே வைத்தார்.

"உசுரோட இருக்கறவங்க கண்ணுல நான் சூடு வைக்கறதில்லம்மா. கெட்ட தகவல் வந்தா எடுத்துட்டு வா, முடிச்சுத் தரேன்."

முடியாத படத்துக்கு எப்படி மாலை போடுவது என்று மாமியார் திட்டினார். ஆனால் போடவில்லை.

பிறகு ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை, பெண் படத்தைப் பார்த்தேன். அதே ஆள் செய்தது என்றார்கள். இருவர் கண்களையும் கறுப்பாகச் சுட்டிருந்தார். எனக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னார்? போய்க் கேட்கப் பயம்.

படத்தைத் தினமும் துடைக்கிறேன். கண்களில் மட்டும் துணி படவிடுவதில்லை. பென்சில் அழிந்துவிட்டால் நான் என்ன செய்வேன்.