அணைக்கக் கூடாத கார்

டீசலில் ஓடும் எதைக் கண்டாலும் என் நைனாவுக்குப் பயம் கிடையாது. கழனிக் கிணற்றின் ஆயில் இஞ்சினைப் பிரித்தும் மாட்டியுமே பாதி ஆயுளைக் கழித்தவர். செஞ்சி பஜாருக்குப் பின்னால் ஒரு மண்டியில், கோழிகள் அடைந்துகொண்டிருந்த பழைய டீசல் கார் அவர் கண்ணுக்கு நாலு சக்கரம் வைத்த ஆயில் இஞ்சினாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். காயலான் கடைக்குப் போகிற விலைக்கே கிடைத்தது. மாட்டு வண்டியில் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார்.

கார் ஆசையெல்லாம் அவருக்கு இருந்ததில்லை. எல்லாம் அக்காவுக்காக. அக்காவைத் தொண்டூரில் கொடுத்திருந்தது. அவள் முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்கு நாள் பார்க்கப் போனபோது அக்காவின் மாமனார், “மாசமா இருக்கிற பொண்ண பஸ்ல நிக்க வெச்சா இட்டுனு போவப் போறீங்க? கார் கொண்டாந்தா அனுப்பறேன், இல்லன்னா பிரசவம் இங்கியே ஆவட்டும்” என்று சொல்லிவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்காவிட்டால் எங்கள் தெருவில் தலை காட்ட முடியாது. அதைவிட, பெண் பக்கத்தில் இல்லாமல் அம்மாவுக்குத் தூக்கம் வராது.

“ஒரு வாடகைக் கார் எடுத்துனு போனா இன்னா?” என்றாள் அம்மா.

“மஞ்ச நம்பர் பிளேட்ட பாத்தா அவருக்குத் தெரியாதா?” என்றார் நைனா. ரோஷம் என்று வந்துவிட்டால் அவரிடம் யாரும் பேச முடியாது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வண்டியடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நைனாவின் கால்களுக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவேன். டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்தால் துருவும் கோழி இறகும் கொட்டின. அடைத்துக்கொண்ட டியூபை நைனா வாய் வைத்து உறிஞ்சுவார். டீசல் வாயில் வந்ததும் துப்பிவிட்டு, ஏதோ இளநீர் குடித்தவர் போலச் சிரிப்பார். அன்றைக்குச் சாப்பாட்டில் எதைத் தொட்டாலும் டீசல் வாசனைதான். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தினமும் வந்து ஒரு யோசனை சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போவார். வண்டி மட்டும் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது.

வளைகாப்புக்கு முந்தின நாள், தெருவே சேர்ந்து மலைப்பக்கத்துச் சரிவில் தள்ளியபோது கார் இருமியது, உதறியது, கறுப்புப் புகையை எங்கள் எல்லார் முகத்திலும் அடித்துவிட்டு ஓடியது. அம்மா சூறைத் தேங்காய் உடைத்தாள். சந்தோஷத்தில் யாரும் கவனிக்காத இரண்டு சங்கதிகள் இருந்தன. தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும். ஆனபின் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும்.

“அதுக்கென்ன, எடுக்கலன்னா போச்சி” என்றார் நைனா.

மறுநாள் அப்படித்தான் தொண்டூருக்குப் போனோம். சம்பந்தி வீட்டு வாசலில் கார் நின்றது. நாங்கள் தட்டுகளோடு இறங்கினோம், நைனா இறங்கவில்லை. அது சமதரையான தெரு. அங்கே அணைந்தால் சம்பந்தி வீட்டு ஆட்களே தள்ள வேண்டியிருக்கும். அந்த அவமானத்துக்கு அவர் பஸ்ஸிலேயே வந்திருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதித்தபடி, தலைவாரி, புதுச்சட்டை போட்டு, சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். யாராவது கேட்டால், “இஞ்சின் செட் ஆவணும். கொஞ்ச நேரம் ஓடட்டும்” என்றார்.

உள்ளே அக்காவின் கை நிறைய வளையல் ஏறிவிட்டது. பெற்றவர்கள் அட்சதை போட வேண்டிய நேரம் வந்தது. அம்மா என்னை அனுப்பினாள். நான் ஓடிப்போய் நைனாவைக் கூப்பிட்டேன்.

“அம்மாவயே போடச் சொல்லும்மா” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

நான் திரும்பி வந்து அதை அப்படியே சொன்னேன். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனம் பூசிய கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

அக்காவின் மாமனார் எழுந்து வெளியே போனார். அவர் இருபது வருஷமாகச் சொந்த டிராக்டர் ஓட்டுகிறவர். நானும் பின்னாலேயே போனேன். அவர் காரைச் சுற்றி வந்தார், குனிந்து நைனாவின் காலைப் பார்த்தார், சற்று நேரம் சத்தத்தைக் கேட்டார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசினார்.

“இன்னா சம்பந்தி, வண்டிய எங்க கண்ணுல காட்டிட்டு நீங்களே குந்தினு இருந்தா எப்பிடி? இந்த மாதிரி கார்ல ஒருவாட்டி குந்திப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. கொஞ்சம் நவுருங்க.”

நைனா அவரை ஏறிட்டுப் பார்த்தார். மெதுவாக நகர்ந்தார். அவருடைய கால் விலகுமுன் மாமனாரின் கால் அதன்மேல் வந்து அழுத்திக்கொண்டது. சத்தம் துளியும் மாறவில்லை.

நைனா உள்ளே ஓடினார்.

நாங்கள் உயிரைக் கொடுத்து ஓடவைத்த காரை இந்த மனிதர் ஓட்டிக்கொண்டு போய்விட்டால்? காவலுக்குப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் எங்கேயும் போகவில்லை. பட்டுக்கரை வேட்டியில் கிரீஸ் ஒட்டியதைக்கூடப் பார்க்காமல், எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டே இருந்தார். உள்ளிருந்து குலவைச் சத்தம் வந்தபோது மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

நைனா திரும்பி வந்தபோது விரல்களில் மஞ்சள் அரிசி ஒட்டியிருந்தது. அதேபோல் காலை மாற்றிக்கொண்டார்கள். அக்காவை முன்சீட்டில் ஏற்றியதும் மாமனார் ஜன்னலில் குனிந்து, “நல்ல இஞ்சின் சம்பந்தி. நடுவுல எங்கியும் நிறுத்தாம ஊட்டுக்குப் போயிடுங்க” என்றார். நைனா அவர் கையைப் பிடித்தார். விடவே இல்லை. அவர்தான் விடுவித்துக்கொண்டார்.

எங்கள் வாசலுக்கு வந்ததும் நைனா காலை எடுத்தார். வண்டி குலுங்கி அணைந்தது. அந்த அமைதியில் அக்காவின் வளையல்கள் கேட்டன. நைனா ஸ்டீரிங்கில் கைவைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கார் பிறகு ஓடவே இல்லை. மறுபடியும் அதில் கோழிகள் அடைந்தன.

அன்றைக்கு வழியெல்லாம் அடக்கிவைத்திருந்ததை, வண்டி அணைந்த பிறகுதான் சொன்னேன்.

“நைனா, அக்கா மாமனாருக்கு கார் ஓட்டவே தெரியல. அவ்ளோ நேரம் மிதிச்சாரு, ஒரு அடிகூட நவுரல.”

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நைனா விரலில் ஒட்டியிருந்த மஞ்சள் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் புரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, நான் காரிலிருந்து குதித்து, அதைத் தெரு முழுக்கச் சொல்ல ஓடினேன்.