சவ்வு வார்ப்பவளும் சோதிப்பவளும்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘லொடலொடா’ என்றுதான் அழைத்தார்கள். வாய் ஓயாது, கையும் ஓயாது. தேன் போன்ற கரைசலைக் கண்ணாடிப் பலகையில் ஊற்றி, நீளக் கத்தியால் ஒரே இழுப்பில் மெல்லியதாகப் பரப்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவாள். அது கண்ணெதிரே வெளுத்துச் சவ்வாகும். ஆலைக் கழிவுநீரில் சாயத்தை நிறுத்தி, நீரை மட்டும் விட வேண்டிய சவ்வு. எதையும் விடாத சுவரை எழுப்புவது எளிது. எல்லாவற்றையும் விடும் ஓட்டை அதைவிட எளிது. நடுவில் ஒன்றைச் செய்வதுதான் பாடு.

அதை அழுத்தத்தில் வைத்துச் சோதிப்பவள் பக்கத்து அறையில் இருக்கும் அவளுடைய நாத்தனார். “நான் பெத்துப் போடுறேன், இவ கொன்னு போடுறா” என்று லொடலொடா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

புதுக் கரைசல் வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பு நின்றுபோனது. வார்த்ததெல்லாம் கசிந்தது. அடுத்ததும் தவறினால் வார்ப்பு வேலையை வெளியே கொடுத்துவிட்டு, அவளைக் கிடங்குக்கு அனுப்புவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

“என் மேல என்னடி கோபம் உனக்கு?”

“கோபம்னா வீட்டுலயே தீத்துக்க மாட்டேனா? இங்க வாங்க அண்ணி.” நாத்தனார் கசிந்த சவ்வுகளை விளக்குப் பெட்டிமேல் விரித்தாள். ஊசி குத்தியது போன்ற குழிகள், எல்லாவற்றிலும் ஒரே ஓரத்தில். “இது நீங்க நிக்கிற பக்கம். வார்க்கும்போது யார்கூடப் பேசுறீங்க?”

“யார்கூடவும் இல்ல. கரைசல்கிட்டதான். ஒழுங்கா வாடி கண்ணுன்னு.”

“அந்த ஈர மூச்சுதான் மேல விழுது. தொட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே அங்கங்க உறைஞ்சிடுது. பழைய கரைசல் உங்களைப் பொறுத்துக்கிச்சு. இது பொறுக்கல.”

“இதுக்கு நீயே தேவலை போலிருக்கு” என்றாள் லொடலொடா.

மறுநாள் காலை மேலாளர் பார்க்க வார்த்தாள். உதடுகள் ஒட்டியே இருந்தன.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்றார் அவர். அவள் இடக்கையை மட்டும் உயர்த்தி அவரை அடக்கினாள்.

சோதனைக் கலத்தில் மேலே சிவப்புச் சாயநீர். நடுவில் அவள் வார்த்த சவ்வு. அடியில் வெறும் குழாய். பம்பு ஓடியது. முதல் சொட்டு தெளிவாக விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அழுத்தமானியின் முள் கேட்ட அளவைத் தொட்டு, அங்கேயே நின்றது.

“போதும். வார்ப்பு இங்கயே இருக்கட்டும்” என்றார் மேலாளர்.

நாத்தனார் அழுத்தத்தைக் கூட்டும் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. “இன்னும் ஏத்தட்டுமா அண்ணி?”

“ஏத்து. உன்னால முடிஞ்சதைப் பண்ணு.”

முள் ஏறியது. பம்புதான் முனகியது. சொட்டுகள் கண்ணாடிக் குவளையில் நிறமற்று விழுந்துகொண்டே இருந்தன.