கலெக்டருக்குக் காட்டிய வயல்

மழை பொய்த்து, சுந்தரபாண்டியத்தில் என் நெற்பயிர் கதிர் வாங்காமலே கருகிய வருஷம் அது. நிலத்தீர்வையைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எங்கள் விவசாயிகள் சங்கம் மனுமேல் மனு போட்டு, கடைசியில் வெள்ளைக்காரக் கலெக்டரையே நேரில் வரவழைத்துவிட்டது. கருகிய பயிரை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், காரியம் முடிந்தது என்று நம்பினோம்.

காரில் கூடப் போனவர் சங்கத் தலைவர். ஊரே பார்க்கும்போது தலைவர் காய்ந்த வயலில் போய் இறங்கலாமா? கிணற்றுப் பாசனத்தில் தளதளவென்று நின்ற தன் வயலில்தான் காரை நிறுத்தினார்.

“தொரை, இந்தத் தாலுகாவுல இம்புட்டு வெளைச்சல் வேற எவன் எடுக்கான்?”

செயலாளருக்குப் பொறுக்குமா? “எங்க வயலையும் செத்த பாத்துட்டுப் போங்க தொரை!” என்று அவர் தன் பங்குக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கேயும் கிணறு உண்டு. அத்தோடு பொழுது சாய்ந்தது. கார் என் வயல் பக்கம் திரும்பவே இல்லை.

விளைச்சல் அமோகம், தள்ளுபடி தேவையில்லை என்று உத்தரவு வந்தது. வயிறெரிந்து தலைவரிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்:

“போனாப் போவுதுலே. தொரை நம்ம கதிரைக் கையால தொட்டுப் பாத்தாரு, தெரியும்ல?”