பிறைக்குக் காத்திருந்த பெயர்கள்

என் அத்தா சமியுல்லா, ராசிபுரத்தில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவர். யாரும் தன்னைத் தேடாத நாள்தான் ஒழுங்காக வேலை நடந்த நாள் என்பார். எனக்கும் அதே தொழில், பெங்களூரில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இன்னொரு டேட்டாபேஸ் இருந்தது: ரத்தம் கொடுப்பவர்களுடையது. தறி வைத்திருக்கும் அறிவு மாமாவும் அவரும் கல்யாண மண்டபங்களில் முகாம் நடத்துவார்கள்.

"ஏனுங்க பாய், பாதிப் பேரு உங்க பிரியாணிக்குத்தான் வாரானுங்க."

"வரட்டும் அறிவு. பிரியாணிக்கு வந்தவன் ரத்தமும் செவப்புதான்."

பெயர் சேர்ப்பது பெரிதில்லை, கொடுத்தவரைத் தொல்லை செய்யாமல் இருப்பதுதான் சேவை என்பது அத்தாவின் கட்சி. ரமலான் பிறை கண்டதும், நோன்பு வைக்கும் எல்லோரையும் தேடலில் வராதபடி மறைத்துவிடுவார். "கூப்பிட்டா நோன்ப முறிச்சுட்டு ஓடி வந்துருவானுங்க. அந்தப் பாவம் எனக்கெதுக்கு?" பெருநாள் பிறை தெரிந்த பிறகு அவரே திறந்துவிடுவார். தேதி கொடுத்தால் தானாகத் திறக்குமே என்று ஒருமுறை சொன்னேன். "பிறை உன் புரோகிராம் பேச்சக் கேக்காது, நிகத்" என்றார்.

இந்த வருடம் அந்தப் பிறை தெரியுமுன்பே ரத்த வாந்தி எடுத்தார். குடல் புண். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பெருநாள் அன்று கொஞ்சம் தெளிந்தார். மறுநாள் காலை மறுபடியும் ரத்தம். மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். அதன் பிறகு பேச்சில்லை.

அவருக்கு ஓ நெகட்டிவ். மருத்துவமனையில் இருந்த பைகளை ஏற்றிவிட்டார்கள். எப்போதோ ஓ பாசிட்டிவ் ஏற்றியதில் உடம்பில் அதற்கு எதிர்ப்பு உண்டாகியிருந்தது, இனி அது ஒத்துக்கொள்ளாது. "ஆள் கூட்டிட்டு வாங்க, சீக்கிரம்" என்றார் மருத்துவர்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியில் அத்தாவின் டேட்டாபேஸைத் திறந்தேன். தேடலில் மூன்று பெயர்கள் வந்தன. வாழப்பாடி சுவாமிநாதன் துபாயில் இருந்தார். வெண்ணந்தூர் கோகிலவாணி மாசமாக இருந்தாள். ஜோதி என்ற பெண் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். உடம்பில் ரத்தம் குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திரும்பத் திரும்பத் தேடினேன். அதே மூன்று பேர்.

அறிவு மாமா என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். "என்ன சாமி, ஒரு பாய் பேரு கூடவா இல்ல? நெய்க்கடை தவ்ஹீதுக்கு இதே குரூப்புதானே? ஊசிக்குப் பயந்து கத்துனான், நாந்தான் கையப் புடிச்சுக்கிட்டேன்."

ஊர் பெருநாள் கொண்டாடி முடித்திருந்தது. அத்தாவின் டேட்டாபேஸ் மட்டும் இன்னும் நோன்பில் இருந்தது.

ஒரே வரிதான். மாற்றினேன். பெயர்கள் வந்து விழுந்தன.

முதலில் தவ்ஹீதைக் கூப்பிட்டேன். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் பைக்கில் வந்தான். "ஏங்க்கா, காலைலயே சொல்லியிருந்தா காலைலயே வந்திருப்பனே?" என்றான். நேராக ரத்த வங்கிக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். பரிசோதிக்க வேண்டும், அத்தாவின் ரத்தத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். "முடிஞ்ச அளவு வேகமாப் பண்றோம்மா" என்றார் அங்கிருந்தவர். வேகமாகத்தான் செய்தார்கள்.

நான் மேலே போய்க் காத்திருந்தேன். பை வருவதற்குள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அறிவு மாமா வெளியே வந்துவிட்டார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். உள்ளே அம்மா கதறும் குரல் கேட்டது.

கீழே போனேன். தவ்ஹீத், மடக்கிய கையில் பஞ்சோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"ஏத்திட்டாங்களாக்கா? பத்தலைன்னா கவலைப்படாதீங்க. என் தம்பிக்கும் இதே குரூப்புதான். பஸ் ஏறிட்டான், வந்துக்கிட்டே இருக்கான்."

தம்பியை வழியிலேயே பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். நான் பெஞ்சில் தவ்ஹீதின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.