ஆடி ஞாயிறுகளில் அக்கா

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் தம்பியின் வணக்கம். இதுபோன்ற மலர்களில் மறைந்தவர் எப்போதும் சிரித்த முகத்தோடு இருந்ததாக எழுதுவது வழக்கம். அக்கா சிடுமூஞ்சி. அது உங்கள் எல்லாருக்கும் தெரியும் என்பதால் மறைத்துப் பயனில்லை.

அக்கா பிறந்தது எளாவூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். அக்கா கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். மாமா லாரி விபத்தில் இறந்தபோது மகள் கைக்குழந்தை. சிப்காட்டில் பிளாஸ்டிக் சாக்கு தைக்கும் கம்பெனி ஒன்றில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். அந்தத் தையலில்தான் மகளை நர்சிங் படிக்க வைத்தார்.

சபையில் சாட்சி சொல்லச் சொன்னால் எழுந்து, "தேவன் நல்லவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இருந்த ஒரே பெருமை, அப்பமும் திராட்சரசமும் வைக்கும் திருவிருந்து மேசையின் விரிப்புதான். மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முன்பு அந்த வெள்ளைத் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, எங்கள் சபைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விரிப்பது அக்காவின் வேலை. அதில் ஒரு சுருக்கம் விழுந்தால் அன்று வீட்டில் எல்லாருக்கும் திட்டு விழும்.

கம்பெனியில் ஞாயிறும் ஷிஃப்ட் உண்டு. லீவு வேண்டுமென்றால் நமக்குப் பதிலாக ஓர் ஆளை நாமே பிடித்துத் தர வேண்டும். பக்கத்து மெஷினில் இருந்தவர் வசந்தா. அவருடைய மகளுக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போனபோது, பிழைத்தால் ஆடி ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டார். பெண் பிழைத்தாள். வசந்தா கோயிலுக்குப் போன அன்று அவருக்குப் பதிலாக அக்கா வேலைக்குப் போனார். அடுத்த ஞாயிறு இன்னொருவர் வந்து கேட்டார். போகப் போக ஆடி ஞாயிறு ஷிஃப்ட் என்றாலே அக்காதான் என்றாகிவிட்டது.

ஆடியில் கம்பெனி பஸ்ஸின் முன்னால் டிரைவர் வேப்பிலைக் கொத்து கட்டிவிடுவார். ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்த சபையார் சிலர் அக்கா அந்த பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்துவிட்டார்கள். ஆராதனை முடிவதற்குள், அக்கா பெரியபாளையத்துக்குப் போகிறார் என்று சபை முழுவதும் பேச்சாகிவிட்டது.

போதகர் வீட்டுக்கு வந்தார். அப்போது நானும் இருந்தேன்.

"சிஸ்டர், நீங்க அம்மன் கோயிலுக்குப் போறதா சொல்றாங்களே?"

"நான் எங்கய்யா போறேன்? அவுளுங்க போறாளுங்க. நான் கம்பெனில சாக்கு தெச்சிக்கினு கீறேன்."

போதகருக்கு இது இன்னும் சங்கடமாகப் போய்விட்டது. கோயிலுக்குப் போயிருந்தால்கூட ஒரு மன்னிப்பு, ஒரு ஜெபம் என்று முடித்திருக்கலாம். "மத்தவங்க விக்கிரகத்தைக் கும்பிட நீங்க வழி பண்ணிக் குடுக்கிறீங்களே, அது மட்டும் சரியா?" என்று கேட்டார்.

"ஐயா, பெரிய வெள்ளிக்குக் கம்பெனில லீவு இல்ல. நான் கோயில்ல மூணு மணி நேரம் குந்திக்கினு இருந்தப்ப என் மெஷின்ல யாரு குந்தினா? வசந்தாதான். நீ இன்னா சாமி கும்புடப் போறேன்னு அவ என்னக் கேக்கலியே. நான் மட்டும் அவளக் கேக்கணுமா?"

போதகர் நல்லவர். அதோடு எழுந்து போனார். ஆனால் சபைக் கமிட்டி விடவில்லை. ஆடி ஞாயிறு வேலையை அக்கா விட வேண்டும், இல்லையென்றால் மேசை விரிப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு ஆத்திரமாக வந்தது. வேறு சபைக்குப் போய்விடலாம் என்றேன். "இன்னாடா பேசுற? சண்ட போட்டுக்கினு சபை மாறவா ஞானஸ்நானம் வாங்கினோம்?" என்று என் வாயை அடைத்தார்.

விரிப்பைத் துவைத்து, இஸ்திரி போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வந்து அழுதார். மாமா இறந்த பிறகு அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான். அடுத்த ஞாயிறு வேப்பிலை கட்டிய அதே பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனார்.

விரிப்பு அக்காவின் கைக்குத் திரும்பி வரவேயில்லை. அவர் சபையை விடவுமில்லை, ஆடி ஷிஃப்டை விடவுமில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் மேசையைப் பார்த்துவிட்டு, "கஞ்சி பத்தல" என்று என் காதில் சொல்வார். அந்த அளவுக்குத்தான் அவருடைய பொறுமை.

பிறகு சிறுநீரகம் கெட்டது. திருவள்ளூருக்கு சிகிச்சைக்குப் போய்வந்து போய்வந்து உடம்பு தளர்ந்தது. போன ஆடியில் ஒரு சனிக்கிழமை மதியம், மகள் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண் மூடினார். மறுநாள் ஞாயிறு அடக்கம்.

கம்பெனிப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். குங்கும நெற்றியோடு மண் போடலாமா கூடாதா என்று தெரியாமல் கல்லறைத் தோட்டத்தின் கேட்டருகே நின்றார்கள். போதகர் ஜெபத்தை நிறுத்தி, "வாங்கம்மா, முன்னால வாங்க" என்று அவரே கூப்பிட்டார். அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அக்காவைத் தூக்கிப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும், உடன் நின்ற சபையாருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

உயிருக்கு உயிராகப் பழகிய வசந்தா அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று உறவில் சிலர் இன்னும் கேட்கிறார்கள். அக்கா இறந்தது தெரியாமல் அன்று காலை அவர் பெரியபாளையத்துக்குக் கிளம்பியிருந்தார். வழியில் அந்தச் செய்தியும், ஒரு மெஷினாவது ஓடினால்தான் மற்றவர்களை அடக்கத்துக்கு விடுவேன் என்று சூப்பர்வைசர் சொன்னதும் தெரிந்தவுடன், கோயிலுக்குப் போகாமல் கம்பெனிக்குப் போனார். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார்.

"நான் வந்தா இவுளுங்க யாரும் வர முடியாது தம்பி. எம்பேர்ல ஒரு பிடி மண்ணு நீ போட்டுடு."

போட்டேன்.