சுவருக்குள் இருந்தவள்

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் பேசும்போதே வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். மூத்தவள் நான். எனக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் பேச்சோடு நின்றுவிட, தங்கச்சிக்குக் கல்யாணம் முந்திக்கொண்டது. கல்முனையில் உம்மாவும் வாப்பாவும் கட்டிய வீடு அப்படியே அவளுக்குப் போயிற்று. அவர்கள் இருவரும் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு பின்னறையில் நான் மட்டும் மிச்சம். இதில் யார் மேலும் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கோபம் உண்டு. ஆனால் யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது?

தங்கச்சியின் மாப்பிள்ளை நல்ல மனிதர். இருந்தாலும் எனக்கு அந்நிய ஆண். அவர் வீட்டில் இருக்கும் நேரம் நான் முன்பக்கம் போவதில்லை. குசினிக்கும் முன் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை தொங்குகிறது. அவர் சாப்பிடும்போது அதற்கு இந்தப் பக்கம் நின்று, சோறு போதுமா, ஆணம் போதுமா என்று சோற்றுக் கோப்பையின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, வேண்டியதைத் தங்கச்சியிடம் நீட்டுவேன். இத்தனை வருடத்தில் காலடி கேட்காமல் நடக்கப் பழகிவிட்டேன். பூனைகூட என்னைவிடச் சத்தம் போடும்.

தங்கச்சியின் மகளுக்குப் பத்து வயது. அவள் ஒருத்திதான் என் அறைக்குள் கேட்காமல் கொள்ளாமல் ஓடிவருவாள். கட்டிலில் விழுவாள், என் தலையணையைப் பிடுங்குவாள். அவள் வந்து போவதால்தான் நானும் இந்த வீட்டு ஆள் என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்தது.

போன மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வீட்டில் ஆண்கள் இல்லை. வெளியே நல்ல மழை. மகள் பாயில் குப்புறக் கிடந்து, தமிழில் குரல் கொடுத்த ஒரு கார்ட்டூன் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய வீடொன்றுக்கு ஒரு குடும்பம் குடிவருகிறது. அந்த வீட்டுச் சுவருக்குள் ஒரு பெண் இருக்கிறாள். அவள்தான் வில்லி. நெட்டையாய், மெலிந்துபோய், ஓசையில்லாமல் நடக்கிறாள். யாரையும் அடிக்கவில்லை, கடிக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். எல்லோரும் தூங்கியபின் வந்து, காலில் இருந்து கழற்றிப்போட்டுச் சிதறிக் கிடக்கும் சப்பாத்துகளைச் சோடி சோடியாக அடுக்கிவிட்டுப் போவாள். அதற்கென்று ஒரு இசை வேறு, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. உட்காரவும் தோன்றாமல் மகளுக்குப் பின்னால் நின்றபடியே பார்த்தேன்.

அவள் சுவரை விட்டு வெளியே வரப்போகும் நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. கறுத்துப்போன டீவியில் மகளின் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் முக்காடு போட்ட ஓர் உருவம் அசையாமல் நின்றது. மகள் வீறிட்டுக் கத்தினாள்.

"நான்தான் புள்ள, பெரியும்மா," என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தபிறகும் அவள் கண்ணிலிருந்து பயம் போகவில்லை. கரண்ட் வந்ததும் மிச்சத்தைப் பார்த்தோம். அந்தக் குடும்பம் கல்லும் சீமெந்தும் வைத்துச் சுவரின் ஓட்டையை அடைத்துவிட்டு, மேசையைச் சுற்றி இருந்து சிரிக்கிறது. படம் முடிந்தது.

மறுநாள் நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"பெரியும்மா, அவ உண்மையா கெட்டவ இல்ல. நான் யோசிச்சிப் பாத்தன். ஒண்டும் களவெடுக்கல்ல, ஒருத்தருக்கும் நோவினை செய்யல்ல."

"அப்ப ஏன் அவவ வில்லியெண்டு செல்றாங்க?"

"அவ அங்க இரிக்கிறது ஒருத்தருக்கும் தெரியாதே. அதான் பயம்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இந்த வயதில் என்ன நியாயம்! இவள் என் பக்கம்தான் என்று நினைத்தேன். அந்தத் துணிவில்தான் கேட்டேன்.

"கெட்டவ இல்லையெண்டா ஏன் புள்ள சுவர அடைச்சாங்க? கூப்பிட்டு ஒரு பாயப் போட்டுக் குடுத்திரிக்கலாமே?"

"அது அவங்கட ஊடுதானே பெரியும்மா." கொஞ்சம் யோசித்தாள். "நான் கலியாணம் முடிச்சா இந்த ஊடு எனக்குத்தானே வரும்? உம்மா செல்லிரிக்கா. அப்ப நீங்க எங்க இரிப்பீங்க?"

கேள்வியில் கள்ளமில்லை. பள்ளிக்கூடக் கணக்குக்கு விடை தேடும் முகம்தான். நான் கத்தியைப் பலகையில் வைத்தேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தங்கச்சி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காமல் இருக்காது. "ராத்தா எங்கயும் போகமாட்டா" என்று அக்காவுக்காக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று காத்திருந்தேன். கூரைப் பீலியில் மழைத் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்கதான்," என்றேன் நானே.

மகள் ஓர் அடி பின்னால் போனாள்.

அதற்குப் பிறகும் என் அறைக்கு வருகிறாள். ஓடிவருவதில்லை. பிறத்தியார் வீட்டுக்குப் போனவள் மாதிரி வாசலில் நின்று ஸலாம் சொல்கிறாள். நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று தங்கச்சிக்குப் பெருமை. ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை, சொல்கிறேன். என் குரல்தான் என்று நிச்சயமான பிறகே காலை உள்ளே வைக்கிறாள். ஒருநாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் படுத்துக் கிடந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.